கண்ணை நம்பச் சொல்லாதீர்கள்

"தெரியாத லிங்கைத் தொடாதீர்கள்." வங்கி எஸ்.எம்.எஸ். அனுப்புகிறது. காவல்துறை பேருந்து நிலையத்தில் பேனர் கட்டுகிறது. 2025-இல் பல மாதங்கள், யாருக்குப் போன் போட்டாலும் மணி அடிப்பதற்கு முன்னால் சைபர் குற்ற எச்சரிக்கைதான் ஓடியது. இவ்வளவுக்குப் பிறகும் ஒருவர் ஏமாந்தால் என்ன சொல்கிறார்கள்? "படிச்சுப் படிச்சுச் சொன்னோமே, கேட்டீங்களா?"

இந்தக் கேள்வி நியாயமானது இல்லை என்பதுதான் என் வாதம். நியாயமில்லாதது மட்டுமல்ல, வசதியானதும்கூட. கேட்கிறவருக்கு வசதியானது.

நான் சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவன். எங்கள் தொழிலில் 'யூசர் எரர்' என்று ஒரு சொல் இருக்கிறது. இயந்திரம் சரியாகத்தான் இருந்தது, உபயோகித்தவர்தான் தப்பு பண்ணிட்டார் என்று அர்த்தம். ஒரு டிக்கெட்டை மூடுவதற்கு இதைவிட சுலபமான வழி கிடையாது. ஒரு படியில் ஒருத்தர் தடுக்கி விழுந்தால் அவர் கவனக்குறைவு. அதே படியில் நூறு பேர் விழுந்தால் அது கொத்தனாரின் பிரச்சினை. இந்தச் சின்ன நியாயம் வீட்டுக்குப் பொருந்துகிறது, ரோட்டுக்குப் பொருந்துகிறது. பிரவுசருக்கு மட்டும் ஏன் பொருந்த மாட்டேன் என்கிறது?

முதலில் விஷயம் என்ன என்று பார்த்துவிடலாம். பிரவுசர் ஜன்னலில் இரண்டு நிலங்கள் இருக்கின்றன. மேலே ஒரு மெல்லிய பட்டை: முகவரி, பின்னால் போகும் அம்புக்குறி, மூன்று புள்ளி. அது பிரவுசர் செய்த கம்பெனிக்குச் சொந்தம். அதற்குக் கீழே இருக்கிற மொத்த இடமும் நீங்கள் போயிருக்கும் தளத்துக்குச் சொந்தம். அங்கே அவர்கள் எதை வேண்டுமானாலும் வரையலாம். பல பிரவுசர்களில் வேலை செய்த எரிக் லாரன்ஸ் என்ற பொறியாளர் 2017-இல் இந்த எல்லைக்கு 'மரணக் கோடு' என்று பெயர் வைத்தார். கோட்டுக்கு மேலே உள்ளதை நம்பலாம். கீழே உள்ள எதையும் நம்பக் கூடாது.

எங்கள் பக்கம் கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புரியும். துரியோதனன் வேஷம் கட்டினவர் யாரென்று ஊருக்கே தெரியும். களத்துக்குள் அவர் ராஜா. களத்தை விட்டு வெளியே வந்து, கிரீடத்தோடு வந்து உங்கள் வீட்டுப் பத்திரத்தைக் கேட்டால் யாரும் கொடுக்க மாட்டார்கள். களம் எங்கே முடிகிறது என்பது எல்லோருக்கும் கண்ணெதிரே தெரிகிறது. பிரவுசரில் அந்த எல்லை எங்கே என்று யாருக்கும் சொல்லித் தரப்படவில்லை. அதைவிட மோசம், கோட்டுக்குக் கீழே இருக்கிறவன் கோட்டையே வரைந்து காட்டலாம்.

இது புதுசாகக் கண்டுபிடித்த ஆபத்து இல்லை. இணையம் நடைபழகிக்கொண்டிருந்த 1996-97லேயே, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஃபெல்டனும் அவருடைய சகாக்கள் மூவரும் இதை எழுதிவிட்டார்கள். ஜாவாஸ்கிரிப்டை வைத்து முகவரிப் பட்டை உள்பட பிரவுசரின் அடையாளங்களையே போலியாகக் காட்ட முடியும், பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது என்று செய்தே காட்டினார்கள்.

அதன் பிறகு நடந்ததைக் கொஞ்சம் பார்க்கலாம். 2003 டிசம்பரில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் ஒரு ஓட்டை வெளியே வந்தது. முகவரிக்குள் அட் குறியையும் அதற்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்தையும் செருகிவிட்டால், அதற்குப் பின்னால் உள்ள உண்மையான தளத்தின் பெயரைப் பட்டை காட்டாது. நீங்கள் இருப்பது திருடன் வீட்டில், பட்டையில் தெரிவது வங்கியின் பெயர். இது தளம் சொன்ன பொய் இல்லை. பிரவுசர் தன் வாயாலேயே சொன்ன பொய். மைக்ரோசாஃப்ட் இதைச் சரிசெய்து பேட்ச் வெளியிட்டது 2004 பிப்ரவரி 2 அன்று. நடுவில் மக்களுக்கு அது கொடுத்த அறிவுரை என்ன தெரியுமா? லிங்கை கிளிக் செய்யாதீர்கள், முகவரியை நீங்களே டைப் செய்யுங்கள் என்று. லிங்குகளால் கட்டிய ஒரு உலகத்தை விற்றுவிட்டு, லிங்கைத் தொடாதே என்று சொன்னார்கள். இன்றைக்கு நம் பேருந்து நிலையத்து பேனரில் இருப்பதும் அதே வாக்கியம்தான். இருபது வருஷத்துக்கும் மேலாக அறிவுரை மாறவே இல்லை.

போனுக்கு வந்தபோது நிலைமை இன்னும் மோசமானது. திரை சின்னது, இடம் பத்தாது, அதனால் நீங்கள் கீழே நகர்த்தியதும் குரோம் தன் முகவரிப் பட்டையை ஒளித்துவிடும். 2019 ஏப்ரலில் ஜிம் ஃபிஷர் என்ற டெவலப்பர் தன் சொந்தத் தளத்தில் ஒரு விளையாட்டு காட்டினார். நிஜப் பட்டை ஒளிந்ததும் அதே இடத்தில் அவர் பக்கம் ஒரு போலிப் பட்டையை வரைந்தது. அதில் எச்.எஸ்.பி.சி. வங்கியின் முகவரி, பக்கத்திலேயே பூட்டு. மேலே நகர்த்தினாலும் நிஜப் பட்டை திரும்ப வராதபடி ஒரு பொறியும் வைத்திருந்தார். இங்கே ஹேக்கிங் எதுவும் கிடையாது. ஒரு படமும் கொஞ்சம் ஸ்கிரிப்டும், அவ்வளவுதான். அழகுக்காகவும் இடவசதிக்காகவும் ஒரே ஒரு நேர்மையான பட்டையை ஒளித்தார்கள், ஒளித்த இடத்தில் திருடன் வந்து உட்கார முடிந்தது.

2022-இல் மிஸ்டர் டாக்ஸ் என்ற புனைபெயரில் எழுதும் ஆய்வாளர் இன்னொன்றைக் காட்டினார். 'கூகுள் மூலம் லாகின்' என்று அழுத்தினால் சின்ன ஜன்னல் ஒன்று எழும் இல்லையா, அந்த ஜன்னலையே, அதன் முகவரிப் பட்டை, பூட்டு, மூடும் பொத்தான் எல்லாவற்றோடும் பக்கத்துக்குள்ளேயே வரைந்துவிடலாம். 'முகவரியைப் பார்த்துவிட்டு பாஸ்வேர்ட் போடுங்கள்' என்ற அறிவுரையை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறவர்தான் இதில் முதலில் மாட்டுவார். அவர் பார்க்கிறார். சரியான முகவரி இருக்கிறது. போடுகிறார்.

*

சரி, இந்தத் தந்திரங்கள் எதுவும் இல்லை, பட்டை நிஜமானதுதான் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதாவது முகவரியைப் பார்த்து உண்மையைக் கண்டுபிடித்துவிட முடியுமா?

எங்கள் ஊர் நைனார்பாளையம். சின்னசேலம் வட்டம், கள்ளக்குறிச்சி மாவட்டம். ஊர்ப் பெயரை நைனார்பாளையம் என்று எழுதினாலும் நயினார்பாளையம் என்று எழுதினாலும் கடிதம் வந்து சேரும். 2019 நவம்பரில் மாவட்டம் பிரிந்தது. அதுவரைக்கும் நாங்கள் விழுப்புரம் மாவட்டம். அதற்குப் பிறகும் பழைய பழக்கத்தில் விழுப்புரம் என்று எழுதினவர்கள் உண்டு. அதுவும் வந்து சேர்ந்தது. ஏனென்றால் நடுவில் தபால்காரர் என்ற மனிதர் இருக்கிறார், அவருக்கு ஊரும் தெரியும், ஆளும் தெரியும். முகவரி என்றால் எங்களுக்கு இதுதான்: கொஞ்சம் பிசகினாலும் சரியான வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஒன்று.

இணைய முகவரி அப்படி இல்லை. ஒரு எழுத்து பிசகினால் அது வேறு ஒருத்தன் வீடு. அதை வாசிக்கும் முறையும் விசித்திரமானது. தளத்தின் பெயர் நம் தபால் முகவரி மாதிரி சிறியதிலிருந்து பெரியதுக்குப் போகும்: முதலில் வீடு, பிறகு தெரு, கடைசியில் மாவட்டம். அதனால் யாருடைய தளம் என்று அறிய பெயரின் வால்பக்கத்தைப் பார்க்க வேண்டும். ஆனால் அந்தச் சாய்கோடு வந்ததும் திசை தலைகீழாகிவிடும். அதற்குப் பின்னால் வருவதெல்லாம் வீட்டுக்குள் இருக்கிற அறை, அலமாரி, டப்பா. அந்த டப்பா மேல் எவனும் எந்த வங்கியின் பெயரையும் ஒட்டிக்கொள்ளலாம். 2021 ஆகஸ்டில் செர்ட்-இன் என்கிற மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு எச்சரித்தது இதைப் பற்றித்தான். என்கிராக் என்ற சேவையில் போலிப் பக்கங்களை ஏற்றி, கே.ஒய்.சி. புதுப்பிக்கச் சொல்லி இந்திய வங்கி வாடிக்கையாளர்களுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினார்கள். முன்னால் புரியாத எண்ணும் எழுத்தும், சாய்கோட்டுக்குப் பின்னால் வங்கியின் பெயர். கண் தெரிந்த பெயரில்தானே போய் நிற்கும்?

இன்னொரு கூட்டம் தலைப்பக்கத்தில் வேலை செய்தது. பிரபலமான தளத்தின் பெயரை முதலில் எழுதி, நீளமாகச் சிறுகோடுகளைப் போட்டு, உண்மையான உரிமையாளரின் பெயரை போன் திரைக்கு வெளியே தள்ளிவிடுவது. 2017-இல் ஃபேஸ்புக் பெயரில் இது நடந்தது. வாலைப் பார் என்று சொல்லலாம். ஆனால் வால் திரையில் இல்லை.

எழுத்தையே மாற்றுகிறவர்களும் உண்டு. ரஷ்ய எழுத்துகளில் சில, ஆங்கில எழுத்துகளைப் போலவே அச்சு அசலாக இருக்கும். 2017-இல் ஷூடாங் ஜெங் என்பவர் முழுக்க அந்த எழுத்துகளைக் கொண்டே 'ஆப்பிள்' என்று தெரியும் ஒரு தளத்தைப் பதிவு செய்து காட்டினார். குரோம் 58-ஆம் பதிப்பில் இதைச் சரிசெய்தது. பயர்பாக்ஸ் தரப்பின் நிலைப்பாடு, இதைத் தடுப்பது பெயரைப் பதிவு செய்து கொடுக்கிறவர்களின் பொறுப்பு என்பது. ஆளாளுக்குப் பொறுப்பை அடுத்தவர் பக்கம் தள்ளுகிறார்கள். கடைசியில் அது யார் மடியில் விழுகிறது?

தமிழில் எழுதுகிற நமக்கு இது தூரத்து விஷயம் இல்லை. ஔவையார் என்று ஒரே எழுத்தாக 'ஔ' போட்டும் எழுதலாம், 'ஒ'வும் 'ள'வும் சேர்த்து 'ஒளவையார்' என்றும் அடிக்கலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். 'கௌரி'யும் 'கெளரி'யும் அப்படியே. தமிழ் எண் ௧ பார்ப்பதற்கு 'க' தான். கணினிக்கு இவை வேறு வேறு சரங்கள். தேடலில் ஔவையார் கிடைக்காமல் தவித்த எல்லோருக்கும் இது தெரியும். இப்போது தமிழிலேயே 'இந்தியா' என்று முடியும் தள முகவரிகள் இருக்கின்றன. வரவேற்கிறேன். ஆனால் பெயர் பதிவிலும் பிரவுசரிலும் இந்த இரட்டைகளுக்குக் கடிவாளம் போடாமல், 'எழுத்தைக் கவனமாகப் பாருங்கள்' என்று ஒரு பேனர் வைத்துவிட்டுப் போனால், அது தமிழறிஞரையும் ஏமாற்றும்.

*

பிறகு அந்தப் பூட்டு. 'பூட்டுச் சின்னம் இருக்கிறதா பாருங்கள்' என்று ஒரு தலைமுறைக்கே சொல்லிக்கொடுத்தார்கள். பூட்டு சொன்னது ஒன்றே ஒன்று: உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது. தளமே திருடனுடையது என்றால்? திருடனோடு நீங்கள் பத்திரமாக, ரகசியமாகப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். இதற்கான சான்றிதழ் இன்று காசில்லாமல் சில நிமிடத்தில் கிடைக்கும். 2021-இல் கூகுள் செய்த ஆய்வில் பூட்டின் சரியான அர்த்தம் தெரிந்தவர்கள் 11 சதவீதம்தான். 2023 செப்டம்பரில் குரோம் 117 வந்தபோது அந்தப் பூட்டையே எடுத்துவிட்டார்கள். எடுத்தது சரி. ஆனால் இத்தனை வருஷம் அதை நம்பச் சொன்னதற்கு யார் பதில் சொல்வது? அதை நம்பி பாஸ்வேர்ட் போட்டவர் செய்தது 'யூசர் எரர்' ஆகுமா?

"படிக்காதவங்க, கிராமத்துக்காரங்க, வயசானவங்கதான் ஏமாறுறாங்க" என்று நகரத்தில் ஒரு பேச்சு உண்டு. 2006-இல் ரச்னா தமீஜா, டைகர், மார்ட்டி ஹெர்ஸ்ட் மூவரும் ஒரு சோதனை நடத்தினார்கள். 22 பேர், பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள். போலியும் அசலும் கலந்திருக்கும், கண்டுபிடியுங்கள் என்று முன்கூட்டியே சொல்லித்தான் உட்கார வைத்தார்கள். மிகத் திறமையாகச் செய்த போலித் தளம் 90 சதவீதம் பேரை ஏமாற்றியது. படிப்பு, வயது, ஆணா பெண்ணா, கணினியில் எத்தனை மணி நேரம் இருக்கிறார் என்பதில் எதுவும் குறிப்பிடத்தக்க வித்தியாசத்தைத் தரவில்லை. பரீட்சை என்று தெரிந்தே எழுதியவர்களுக்கு இந்த நிலை. உரம் வாங்கப் போகிற வழியில், பைக்கை ஓரம் கட்டிவிட்டு, வெயிலில் மங்கிய திரையில் பார்க்கிறவருக்கு?

அப்படிப் பார்த்த ஒருவரை எனக்குத் தெரியும். எனக்குப் பெரியப்பா முறை. மக்காச்சோளம் விற்ற காசு கணக்கில் இருந்தது. கே.ஒய்.சி. முடியப்போகிறது என்று செய்தி வந்தது, லிங்கைத் தொட்டார், வங்கியின் பக்கம் திறந்தது, கேட்டதைப் போட்டார். ஓடிபி கேட்டது, அதையும் போட்டார். ஒரு வெள்ளாமைக் காசு போய்விட்டது. கிளையில் போய் நின்றபோது அவரிடம் கேட்கப்பட்டது ஒரே கேள்விதான்: "ஓடிபிய நீங்கதானங்க போட்டீங்க?"

அவர் என்னிடம் சொன்னது: "பேங்கு கேட்டுது, போட்டேன். திருடன்னு தெரிஞ்சா போடுவனா தம்பி?"

இந்த வாக்கியத்தை நான் படித்த எந்தப் பாதுகாப்புக் கட்டுரையைவிடவும் துல்லியமானதாக நினைக்கிறேன். அவர் ரகசியத்தை யாரிடமும் 'பகிரவில்லை'. பணம் அனுப்பும் ஒவ்வொரு முறையும் வங்கியின் பக்கம் ஓடிபி கேட்கிறது, அவர் போடுகிறார். அந்தப் பழக்கத்தை அவருக்கு ஊட்டியதே வங்கிதான். அசலும் போலியும் ஒரே கேள்வியை ஒரே மாதிரி கேட்கிறபடி ஒரு அமைப்பைக் கட்டிவிட்டு, வித்தியாசம் கண்டுபிடிக்காதது உன் குற்றம் என்கிறோம்.

நம் விதியும் அதையே சொல்கிறது. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, வங்கியிலும் தப்பில்லை, வாடிக்கையாளரிடமும் தப்பில்லை என்றால், மூன்று வேலை நாட்களுக்குள் புகார் கொடுத்தவருக்கு நஷ்டம் கிடையாது. நல்ல விதிதான். ஆனால் வாடிக்கையாளரின் 'அலட்சியம்' காரணம் என்றால், புகார் கொடுக்கும் வரைக்கும் போன மொத்தப் பணமும் அவர் தலையில். பாஸ்வேர்ட் விவரங்களைப் பகிர்வது அலட்சியத்துக்கு உதாரணம். அசல் மாதிரியே இருக்கும் ஒரு பக்கத்தில் டைப் செய்வது 'பகிர்வது' ஆகுமா? அந்த ஒரு சொல்லில்தான் ஒரு வெள்ளாமைக் காசு தொங்குகிறது.

வேறு மாதிரி யோசிக்கவே முடியாதா? முடியும். பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டுத் தானே பணம் அனுப்பியவருக்கும் 85,000 பவுண்டு வரை திருப்பிக் கொடுக்க வேண்டும். செலவை அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் சரிபாதியாக ஏற்க வேண்டும். நஷ்டம் தன் கல்லாவில் விழும் என்றால்தான் எந்த நிறுவனமும் ஓட்டையை அடைக்கப் பணம் செலவழிக்கும். அறிவுரை மலிவு, அதனால்தான் அது இவ்வளவு தாராளமாகக் கிடைக்கிறது.

தொழில்நுட்பத்திலும் மாற்று இருக்கிறது, பல வருஷமாகவே இருக்கிறது. கூகுள் 2017-இல் தன் ஊழியர்கள் 85,000-க்கும் மேற்பட்டவர்களுக்குப் பாதுகாப்புச் சாவி என்ற சின்னக் கருவியைக் கட்டாயமாக்கியது. அதற்குப் பிறகு ஒரு ஊழியரின் கணக்குகூட ஃபிஷிங்கில் பறிபோகவில்லை என்று 2018-இல் சொன்னது. அந்தச் சாவி கண்ணை நம்புவதில்லை. தளத்தின் பெயரைக் கருவியே எழுத்துக்கு எழுத்து சரிபார்க்கும். பெயர் வேறு என்றால் பேசவே பேசாது. போலிப் பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதனிடம் கொடுக்க எதுவும் இருக்காது. இதே தத்துவம்தான் இன்று போனுக்குள்ளேயே 'பாஸ்கீ' என்ற பெயரில் இருக்கிறது. இதற்கான இணையத் தரநிலை 2019 மார்ச்சிலேயே வந்துவிட்டது. உலகின் தேர்ந்த பொறியாளர்களுக்கே 'கவனமாக இரு' என்ற அறிவுரை போதாது, சாவி வேண்டும் என்று ஒரு கம்பெனி முடிவு செய்திருக்கிறது. நைனார்பாளையத்துக்கு மட்டும் அறிவுரை போதுமா?

எதிர்வாதம் எனக்குத் தெரியும். எச்சரிக்கை வீண் இல்லை. போனில் கூப்பிட்டு ஓடிபி கேட்கிறவனிடமிருந்து அது பலரைக் காப்பாற்றியிருக்கும். எல்லா நஷ்டத்தையும் வங்கி ஏற்றால் பொய்ப் புகார்கள் வரும் என்பதும் உண்மையான கவலை. அதற்குத்தான் விசாரணை. ஆனால் இன்றைக்கு விசாரணையே ஏமாந்தவர் மேல்தான் நடக்கிறது. நகர்வுகளும் இல்லாமல் இல்லை. 2025 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்கு மட்டும் 'பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரி அறிவித்தது. அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் மாற வேண்டும் என்றது. வங்கியல்லாத எவனும் அந்த வாலை வாங்க முடியாது. பொறுப்பைப் பார்ப்பவரிடமிருந்து வாசற்காவலுக்கு மாற்றுகிற முடிவு அது. எனக்கு மனநிறைவுதான். ஆனால் அந்த வாலைக் காட்ட வேண்டிய பட்டை, திரையை நகர்த்தினால் ஒளிந்துகொள்கிறதே?

ஆகவே கேட்க வேண்டியது இவைதான். பணமும் பாஸ்வேர்டும் கேட்கிற பக்கத்தில் முகவரிப் பட்டை ஒளியக் கூடாது. அதில் உரிமையாளர் பெயர் எப்போதும் முழுசாகத் தெரிய வேண்டும். எந்தப் பக்கத்தில் போட்டாலும் செல்லுபடியாகிற ஓடிபியை வங்கிகள் கைவிட்டு, தளத்தின் பெயரோடு பிணைந்த சாவிக்கு மாற வேண்டும், அதுவும் மூவாயிரம் ரூபாய் போனில் ஓடுகிற மாதிரி. அசலைப் போலவே இருந்த பக்கத்தில் ஏமாந்ததை 'அலட்சியம்' என்ற சொல்லிலிருந்து விதி விலக்க வேண்டும். அலட்சியம் என்று வங்கி சொன்னால், போலியை எந்த அடையாளத்தால் கண்டுபிடித்திருக்க முடியும் என்று வங்கியே அந்தத் திரையைக் காட்டி விளக்கட்டும். விளக்க முடியவில்லை என்றால் பணத்தைத் திருப்பித் தரட்டும்.

அந்த விளக்கத்தை எங்கள் துறையிலிருந்து யாராவது ஒருத்தர் ஒருமுறை, போன் திரையில், வெயிலில் நின்று செய்து காட்டட்டும். அதுவரைக்கும் 'யூசர் எரர்' என்ற சொல்லை யாரும் என் பெரியப்பாவைப் பார்த்துச் சொல்ல வேண்டாம்.